பன்னிரண்டு அமத்து மருந்து

ஒன்றுமே இல்லாத மருந்தைக் கொடுத்து முட்டு வருத்தத்தை இறக்கிய ஒரே மனிதன் இந்த வன்னியில் நான்தான். வன்னி என்று சொல்வதுகூட என் தன்னடக்கம். மேல்நாட்டிலே பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இருந்து சுவாசப்பையைப் படிக்கிற டாக்டர்மார் ஒருவருக்கும் இது கைவரவில்லை. உடையார்கட்டுக் குளத்தின் ஓய்வுபெற்ற வாய்க்கால் ஓவசியர் வீரகத்தி ஆகிய எனக்குக் கைவந்தது. உபகரணம், ஒரு வெறும் சேலைன் போத்தல்.

"புளுகு" என்கிறார் பொன்னையா.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கதிரையில் இருந்து எட்டிப் பார்க்கிறார். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கலந்து கொடுத்த டிஸ்பென்சர். நான் எதைச் சொன்னாலும் அதில் அரைவாசியைக் கழிப்பதுதான் ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு உத்தியோகம். கழிக்கட்டும். நான் சொல்வதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தின சூடடிப்புக் காலம், தொண்ணூற்றெட்டு மாசி. அந்த வருடம் வயலில் கதிர் குவித்துச் சூடடித்த தூசி எழும்பி, சூரியன் காலை பத்து மணிக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கோழிகள் பகலில் அடைந்தன. அந்தத் தூசிக்குள்தான் என் மனைவி கமலாசனி மூச்சுவிட வேண்டியிருந்தது.

கமலாசனிக்கு இருபது வருடமாக முட்டு, டாக்டர்மார் ஆஸ்துமா என்பது. சும்மா இருக்கும்போது என்னை ஏசுவதற்குத் தாராளமாக மூச்சு இருக்கும். தூசி பட்டால் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஆகிவிடும். கதிரையில் முன்னுக்குச் சரிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் இரண்டும் காதைத் தொட, விசில் ஊதுவதுபோல இழுப்பாள். அதற்கு ஒரே மருந்து நீல நிற இன்ஹேலர். நாங்கள் 'பம்ப்' என்போம். வாயில் வைத்து ஒரு அமத்து அமத்தினால் பனிப்புகார்போல மருந்து சீறும். ஒரு பம்பில் இருநூறு அமத்து. அமத்தும் ஒவ்வொரு தடவையும் குசினிச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். குளத்து நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்த கை, சும்மா இருக்குமா?

அன்றைக்குச் சுவரில் நூற்றெண்பத்தெட்டுக் கோடு. மிச்சம் பன்னிரண்டு.

அப்போது சண்டையால் மருந்து வருகிற பாதை பூட்டிக் கிடந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் சங்கிலி பதினேழு முறை கழன்றது. (இரண்டு முறை என்று பொன்னையா சொல்வார். அவர் என்னோடு வரவில்லை.) ஆஸ்பத்திரி வாங்கில் கமலாசனியைப்போல நானூறு பேர் முன்னுக்குச் சரிந்திருந்து விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நல்ல மனிசன். அலுமாரியைத் திறந்தே காட்டினார். உள்ளே ஒரு பல்லி இருந்தது.

"லொறி மன்னார்ப் பக்கம் நிக்குதாம் ஐயா. விட்டா பத்து நாளிலை வரும்."

"விடாட்டி?"

அவர் அலுமாரியைச் சாத்தினார்.

ஒரு நாளைக்கு இரண்டு அமத்து. பன்னிரண்டை இரண்டால் பிரித்தால் ஆறு நாள். லொறிக்குப் பத்து. இந்த நாலு நாளை எங்கிருந்து எடுப்பது? ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் பங்கிட்டவன் நான். குளம் வற்றுகிற காலத்தில் கமக்காரர் மண்வெட்டியோடு சண்டைக்கு வந்தபோதும் தலையைச் சொறிந்ததில்லை. அன்று சொறிந்தேன்.

அடுத்த நாள் காலை அவளுக்கு முட்டு வந்தது. பம்பை அமத்தினாள். யன்னலால் வெயில் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் நான் ஒன்றைக் கண்டேன். அவள் மூச்சை விட, வாயிலிருந்து வெள்ளைப் புகார் சுருள் சுருளாக வெளியே வந்து, முகட்டைப் பார்த்துப் போனது.

"கமலம்! மருந்தெல்லாம் வெளியிலை போகுது!"

அவளுக்கு வாயால் ஏச மூச்சில்லை. கண்ணால் மட்டும் ஏசினாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வயலுக்கு விட்ட தண்ணீர் கழிவு வாய்க்காலால் ஓடிப் போகிறது. தண்ணீர் குறைந்த போகத்தில் எங்கள் கமக்காரர் என்ன செய்வார்கள்? கழிவு வாய்க்காலை மறித்துக் கட்டி, அதே தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்புவார்கள். ஒரே தண்ணீரில் மூன்று வயல் விளைந்ததை நான் கண்டிருக்கிறேன். (பொன்னையா பார்க்கிறார் என்று மூன்று. உண்மையில் ஏழு வயல்.) ஆகவே, கமலாசனியின் வெளிமூச்சை மறித்துக் கட்ட வேண்டும்.

முதல் வேலையாக மூச்சை அடக்கச் சொன்னேன்.

"நான் நூறு எண்ணுமட்டும் விடப்படாது."

நான் எட்டு எண்ண முதல் அவள் என் கையைத் தட்டிவிட்டு இருமினாள். காலையில் அமத்தியதோடு சேர்த்து இரண்டு அமத்து போயிற்று. சுவரில் நூற்றுத்தொண்ணூறு கோடு.

மறுநாள் ஒரு சொப்பிங் பை எடுத்தேன். அமத்திய மறுகணமே பையை அவள் வாயிலும் மூக்கிலும் வைத்துப் பொத்தினேன். விட்ட மூச்சு பைக்குள், பைக்குள் இருப்பது திரும்ப உள்ளே. மறித்துக் கட்டியாயிற்று! பை ஊதிப் பெருத்தது, சுருங்கியது, ஊதிப் பெருத்தது. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் கண்ணைப் பார்த்தேன்.

இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் அவள் என்னைப் பலவிதமாகப் பார்த்திருக்கிறாள். கிணற்றுக்குள் விழுந்தவர் மேலே நிற்பவரைப் பார்ப்பதுபோல அன்றுதான் பார்த்தாள். உதடு நாவற்பழம் தின்றதுபோல ஆகியிருந்தது. பையைப் பிய்த்து எறிந்தேன். நெஞ்சைத் தடவினேன், முதுகைத் தடவினேன், விசிறியை எடுத்து விசிறினேன், விசிற அதிலும் தூசி வந்தது. விசிறியையும் எறிந்தேன். கடைசியில் இன்னும் இரண்டு அமத்து கொடுக்க வேண்டி வந்தது. ஒரே காலையில் நாலு.

அரை மணித்தியாலம் கழிந்து அவளுக்குக் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ."

"என்ன கமலம்?"

"என்ரை மூச்சை என்னட்டை விடுங்கோ."

நான் குசினிக்குப் போய்ச் சுவரில் நாலு கோடு போட்டேன். இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

பின்னேரம் பொன்னையா வந்தார். நடந்ததைக் கேட்டுச் சால்வையை உதறினார்.

"உமக்கு விசரே ஓவசியர்? மனிசின்ரை மூஞ்சையைப் பையாலை கட்டிறதோ?"

"மருந்து வெளியிலை போகுது ஐசே. என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

"வெளிமூச்சிலை போறது நூறிலை ஒண்டும் காணாது. உள்ளை போய்த் திரும்பி வாற புகாரில்லை அது. அவா அமத்திப்போட்டுப் பிந்தி இழுக்கிறா. உள்ளை போகாமலே வாயிலை அடிபட்டுத் திரும்புது."

"அப்ப மிச்சம் எங்கை போகுது?"

பொன்னையா கமலாசனியைப் பார்த்தார். "தங்கச்சி, பம்ப் அடிச்ச பிறகு வாய் எப்பிடி இருக்கும்?"

"கைக்கும். நாக்கெல்லாம் ஒரே கைப்பு."

"அங்கைதான். நாக்கிலையும் தொண்டையிலையும் முக்கால்வாசிக்கு மேலை ஒட்டிப் போகும். நெஞ்சுக்கை போறது ஏதோ துளி."

"அதுக்கு என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யேலாது. அந்தச் சாமான் அப்பிடித்தான்."

ஒன்றும் செய்யேலாது. இந்த இரண்டு சொல்லை அந்த மாதம் எத்தனை பேர் வாயால் கேட்டேன்! டாக்டர் சொன்னார், பொன்னையா சொன்னார், கூப்பன் கடையில் ஆளில்லாத வெறும் கதிரைகூடச் சொன்னது. அடுத்த நாள் முட்டுக்கு இரண்டு அமத்து. மிச்சம் நாலு.

லொறி முந்தி வந்திருக்குமோ என்று பார்க்கத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன். என் சைக்கிள் ரயர் பாதியிலேயே வெடித்தது. பாலை மரத்தின் கீழ் வின்சன் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்திக்கொண்டிருந்தான். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் ஓட்டியவன். கடலை விட்டு இடம்பெயர்ந்து வந்தும், எஞ்சினை விட அவனால் முடியவில்லை.

"ஐயா, ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்."

பெற்றோலுக்குத் தடை இருந்த அந்த நாளில் எங்கள் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் மண்ணெண்ணெயில் கிளம்பாது. கிளப்புவதற்கு மட்டும் கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலில் துளி பெற்றோல் வைத்திருப்பார்கள். அந்தப் போத்தலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்த வீடுகள் உண்டு. வின்சன் அதை என்னிடம் தந்தான்.

"நான் உதைக்கேக்கை ரெண்டே ரெண்டு துளி விடுங்கோ ஐயா."

எனக்கிருந்த அவசரத்தில் காபரேற்றர் வாய்க்கு நேரே பிடித்து நன்றாகப் பீய்ச்சிவிட்டேன். வின்சன் உதைத்தான். இன்னும் உதைத்தான். ஐந்நூறு தரம் உதைத்திருப்பான். மோட்டார் சைக்கிள் இருமியது, அவ்வளவுதான்.

"ஐயோ ஐயா! பிளக்கை நனைச்சுப்போட்டியள்."

"பெற்றோல் கூட விட்டா நல்லாப் பத்தும் எண்டு..."

"நேரை ஊத்தினா நனையிறதுதான் வேலை. இஞ்சை பாருங்கோ." பிளக்கைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் பூட்டினான். பிறகு காற்று இழுக்கிற குழாயின் அந்தக் கரையில், தள்ளி, இரண்டு துளி விட்டான். "இதுக்குள்ளை காத்தோடை கலந்து புகாராகி நிக்கும். எஞ்சின் தன்ரை பாட்டிலை இழுக்கட்டும். அவசரப்படுத்தக் கூடாது."

மெதுவாக ஒரு உதை. மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது.

நான் பாலை மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கமலாசனியின் நாக்கு நனைந்த பிளக்! நான் கழிவு வாய்க்காலை மறித்துக்கொண்டிருக்கிறேன், தண்ணீரோ மதகுத் துருசைத் திறந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஓவசியராம் ஓவசியர்.

"வின்சன், அமத்துற மருந்து நிண்டு கலக்கிறதுக்கு ஒரு குழாய் வேணும்."

"என்ன மருந்து ஐயா?"

போகிற வழி முழுக்க அவன் காதுக்குள் கத்தி விளங்கப்படுத்தினேன். ஆஸ்பத்திரியில் லொறி இல்லை, மருந்து இல்லை. தாராளமாக இருந்தது வெறும் போத்தல் ஒன்றுதான். ஒரு தாதி, பிளாஸ்ரிக் சேலைன் போத்தல் ஒன்றைக் கொதிநீர் விட்டுக் கழுவித் தந்தார். வின்சன் கத்தியைச் சூடாக்கிப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டான். இடைவெளிக்குச் சைக்கிள் ரியூப் கீற்றுச் சுற்றினான். கழுத்தை வெட்டி, வாயில் வைக்க ஏதுவாகக் கரையைத் தேய்த்தான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்த பொன்னையா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்புக்குக் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

"இது என்ன, கள்ளுக் குடிக்கிற சாமானோ?"

"நாளைக்குப் பாரும்."

"நாலு அமத்து இருக்கு. அதையும் போத்திலுக்கை விட்டு நாசமாக்கப் போறீர். மனிசின்ரை உயிரோடை விளையாடாதையும்."

இது அவர் சிரிக்காமல் சொன்னது. எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். சரி வராவிட்டால் ஒரு அமத்து போய்விடும், மிச்சம் மூன்று. ஆனால் வேறு என்ன இருந்தது?

அடுத்த நாள் முட்டு வந்தபோது பொன்னையா கைக்கடிகாரத்தோடு வந்து நின்றார். ஒரே ஒரு அமத்து. போத்தலுக்குள் வெள்ளையாகப் புகார் நின்றது.

"இஞ்சேரும், அவசரப்படாதையும். உம்மடை பாட்டிலை இழும்" என்றேன்.

இழுத்தாள். போத்தல் கழுத்திலிருந்து வாயை எடுத்து மெல்ல விட்டாள். திரும்ப இழுத்தாள். ஆறு மூச்சில் போத்தல் தெளிந்தது. பத்து நிமிடம். பதினைந்து. அவள் தோள் இரண்டும் காதை விட்டு இறங்கின.

"நாக்கு கைக்கேல்லை" என்றாள் முதலாவதாக. இரண்டாவதாக, "குசினிக்கை அரிசி போட்டனீங்களே?" என்றாள்.

இரண்டு அமத்து செய்யாததை ஒன்று செய்திருந்தது. நான் முற்றத்தில் ஆடினேன். பொன்னையா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"தற்செயல்" என்றார்.

அந்தத் தற்செயல் மிச்ச மூன்று அமத்துக்கும் நடந்தது. முட்டு வரும்போதெல்லாம் மருந்து கொடுக்காமல் பொறுக்கக்கூடிய அளவு பொறுத்தோம். பொறுத்தோம் என்று நான் எழுதுகிறேன், பொறுத்தது அவள். நான் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தேன். ஒன்பதாம் நாள் சுவரில் இருநூறாவது கோடு விழுந்தது. லொறி வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் காற்றுத் திரும்பியது. வேலிக்கு அங்கால் வயலில் ட்ராக்டர் சூடடித்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப் போய்க் கும்பிட்டேன். அவர்கள் நல்ல மனிசர், உடனே எஞ்சினை நிறுத்தினார்கள். எழும்பிய தூசியை யார் நிறுத்துவது? அது வேலியைத் தாண்டி வந்து எங்கள் வீட்டுக்குள் நின்றது.

திரும்பி வர, கமலாசனி கதிரையில் சரிந்திருந்தாள், பக்கத்தில் பொன்னையா வந்து நின்றார். விசில் சத்தம் கேட்கவில்லை. விசில் கேட்டால் காற்றுப் போகிறது என்று அர்த்தம். கேட்காவிட்டால் என்ன அர்த்தம் என்று பொன்னையாவின் முகம் சொன்னது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வின்சனைத் தேடினால், அவன் புதுக்குடியிருப்புக்குப் போயிருந்தான். அங்கே கொண்டு போனாலும் அலுமாரிக்குள் அந்தப் பல்லிதான்.

பம்பின் தகர டப்பாவைக் கழற்றிக் குலுக்கினேன். சத்தம் இல்லை. குசினிக்குள் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் போட்டேன். மருந்து இருந்தால் தாழும். அது பக்கவாட்டில் சரிந்து, செத்த மீன்போல மிதந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் பொன்னையா நின்றார். அவரும் கண்டார்.

நான் டப்பாவைத் துடைத்துப் பம்பில் செருகினேன். போத்தலோடு கமலாசனியின் முன்னால் முழங்காலில் இருந்தேன்.

"கமலம், இன்னும் ஒண்டு இருக்கு."

என் ஆயுளில் நான் எவ்வளவோ கூட்டிச் சொல்லியிருக்கிறேன். ஒன்றைப் பத்தாக்குவேன், பத்தை நூறாக்குவேன். ஒன்றுமில்லாததை ஒன்று என்று சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

அவள் என்னை நம்பாமல் பொன்னையாவைப் பார்த்தாள். பொய் சொல்லாத மனிசன் அல்லவா!

பொன்னையா கிட்ட வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"ஓம் தங்கச்சி" என்றார். "மருந்து இருக்கு. மெல்ல இழும். நான் எண்ணுறன்."

அமத்தினேன். 'உஸ்' என்றது. போத்தலுக்குள் ஒன்றும் வெளுக்கவில்லை. அவள் வாயில் வைத்து இழுத்தாள். பொன்னையா "ஒண்டு" என்றார். விட்டாள். இழுத்தாள். "ரெண்டு." ஆறு எண்ணியும் அவர் நிறுத்தவில்லை. அறுபதையும் தாண்டி எண்ணினார். அன்று உள்ளே போனதும் ஒன்றுமில்லை, வெளியே போனதும் ஒன்றுமில்லை. நான் போத்தலின் அடியைப் பிடித்தபடி, அவள் கழுத்துக் குழி ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

இருநூறைத் தாண்டியபோது மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. அதைவிட இனிமையான நாதசுரம் எந்தக் கோயில் திருவிழாவிலும் நான் கேட்டதில்லை. பிறகு விசில் தடித்தது, பிறகு மெலிந்தது. வெயில் முற்றத்தைத் தாண்டுமுன் அவள் கதிரையின் முதுகில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

கனநேரத்துக்குப் பிறகு சொன்னாள்: "வெறும் போத்தில் எண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரு கதைக்கு ஒத்துக்கொண்டதை நான் இந்த இருபத்தாறு வருசத்திலை கண்டதில்லை."

பதின்மூன்றாம் நாள் லொறி வந்தது.

இதுதான் நடந்தது. மூன்று வருடமாக நான் இதை யாரிடம் சொன்னாலும் பொன்னையா ஊடே புகுந்து, "டப்பாவின்ரை அடியிலை கொஞ்சம் கிடந்திருக்கும், மருந்தில்லாமல் முட்டு இறங்காது" என்பார். "தூசி அடங்கினது" என்பார். அவர் படித்த சாத்திரம் அப்படி. நானும் ஏன் இறங்கியது என்று சொல்ல வரவில்லை. எனக்கே தெரியாது. திரும்பவும் அப்படி ஒரு மத்தியானம் வந்தால் இறங்கும் என்று நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

இதுவரை எழுதிய தாள்களை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பேனையையே வாங்கித் திருத்தினார். சங்கிலி பதினேழு முறையை வெட்டி இரண்டு என்று போட்டார். வாங்கிலிருந்த நானூறு பேரைப் பதினாலு ஆக்கினார். வின்சனின் ஐந்நூறு உதையை ஒன்பது ஆக்கினார். கொக்கு எழும்பிய இடத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. டப்பா வாளியில் மிதந்த இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

"வெட்டும் ஐசே. அடியிலை கொஞ்சம் கிடந்தது எண்டு எழுதும்."

அவர் எழுதவில்லை. கமலாசனி குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பொன்னையா கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த டப்பாவை அண்டைக்கு நான் வீட்டை கொண்டு போனனான்" என்றார். "உமக்குச் சொல்லேல்லை. கதவைச் சாத்திப்போட்டு என்ரை நாக்கிலை வைச்சு அமத்திப் பாத்தனான். ஒருக்கா இல்லை, நாலு தரம்."

"என்ன, கைச்சதோ?"

"இல்லை ஓவசியர்" என்றார் பொன்னையா. "கைக்கேல்லை."